கீமோ முடித்து வீட்டுக்குப் போனவரிடம் போன் வழியே நலம் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் அய்யா ஒருவர். பெருங்குடலில் புற்றுநோய், மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ ஊசி. ஒவ்வொரு தடவையும் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்பார், இவர் "இருக்கேன் சார்" என்பார், சீட்டில் கையெழுத்து விழும், வார்டுக்கு வந்துவிடுவார். ஐந்தாவது ஊசிக்கு நரம்பு தேடிக் கையைப் பிடித்தபோதுதான் சட்டைப் பித்தான்கள் ஓட்டை மாறிக் கிடந்ததைப் பார்த்தேன். "வெரலு மரத்துக் கெடக்கு தாயி. பேத்திதான் மாட்டிவிடுவா, இன்னைக்கு அவ பள்ளிக்கூடம் போயிட்டா" என்றார். எத்தனை நாளாக? "அது ஆச்சு, ரெண்டு மாசம்."

அவருக்குப் போட்ட ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து விரல் நரம்புகளைப் பாதிக்கும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், தேவைப்பட்டால் நிறுத்தி வைப்பார். பித்தான் போட முடியாத நிலைக்கு வந்தபின் மீள்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுதாக மீளாது. அய்யா எதையும் மறைக்கவில்லை. அவரிடம் யாரும் விரலைப் பற்றிக் கேட்கவில்லை.

கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. வாரம் ஒருமுறை நோயாளியே தன் உடம்பைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு போனில் பதில் சொல்வார். மோசமான பதில் வந்தால் நர்ஸுக்குத் தகவல் போகும், நர்ஸ் கூப்பிடுவார். செயல் என்னவோ எளிதுதான். நடத்துவதில்தான் நூறு சிக்கல். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கீமோ வார்டில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்களும் படிக்கலாம்.

இதனால் பலன் உண்டா?

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் என்ற டாக்டரும் அவர் குழுவும் நோய் பரவிய 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதே சிகிச்சையோடு 12 தொந்தரவுகளைப் பற்றிக் கம்ப்யூட்டரில் கேள்விகள். ஓராண்டுக்குள் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 41, கேள்வி கேட்கப்பட்ட பிரிவில் 34. 2017இல் வெளியான தொடர் முடிவில், இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் உயிரோடு இருக்கும் கால அளவு) 26 மாதத்திலிருந்து 31.2 மாதமாகக் கூடியிருந்தது. எனக்குப் பிடித்த தகவல் இன்னொன்று: கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாதவர்களுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்தது. "நம்ம சனத்துக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

மறுபக்கமும் உண்டு. அதே பாஷ் அமெரிக்காவின் 52 சிகிச்சை மையங்களில் 1,191 பேரிடம் செய்த பெரிய ஆய்வில் அன்றாட நடமாட்டமும் தொந்தரவுகளும் மேம்பட்டன, ஆயுட்காலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே "இதைச் செய்தால் கூடுதல் நாள் வாழலாம்" என்று எந்த நோயாளிக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வாந்தியோடு வீட்டில் கிடக்கும் நாட்கள் குறையும் என்று தாராளமாகச் சொல்லலாம்.

படி 1: பதிலைப் பார்க்கப்போவது யார் என்று முடிவுசெய்யுங்கள்

எல்லோரும் கேள்வித்தாளில் தொடங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம், அடிபட்டோம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆன்லைன் படிவம் ஒன்று தயாரித்து, வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினோம். பதில்கள் ஒரு எக்செல் தாளில் வந்து விழும். வாடிப்பட்டி அக்கா ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் "காய்ச்சல்: ரொம்ப அதிகம்" என்று அழுத்தியிருக்கிறார். அந்தத் தாளை நான் திறந்தது திங்கள் காலை. ஞாயிறு இரவே உடம்பு வெட்டி இழுக்கிற மாதிரி நடுங்கி, வீட்டுக்காரர் 108க்கு அடித்துக் கூட்டிவந்திருந்தார். பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போனபோது கோபமே இல்லாமல் கேட்டார்: "நான்தான் போன்ல சொல்லியிருந்தேனே சிஸ்டர், நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் காத்திருந்தேன்."

படிவம் இல்லாதிருந்தால் சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார். எங்கள் படிவம்தான் அவரை வீட்டில் உட்கார வைத்தது. யாரும் பார்க்காத கேள்வித்தாள், கேள்வித்தாளே இல்லாததைவிட ஆபத்து.

அதனால் முதல் வேலை இது. ஒரு நர்ஸின் பெயரை எழுதுங்கள். அவர் லீவு போட்டால் யார் என்று இரண்டாவது பெயரை எழுதுங்கள். பதில்களைப் பார்க்கும் நேரத்தை ட்யூட்டி சார்ட்டிலேயே போடுங்கள். "சும்மா இருக்கும்போது பார்த்துக்கோ" என்றால் எந்தக் கீமோ வார்டிலும் அந்தச் சும்மா நேரம் வராது. சனி, ஞாயிறு ஆள் இல்லையென்றால் அந்த நாட்களில் கேள்வியை அனுப்பாதீர்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை அனுப்பினால் மோசமான பதிலுக்கு அதே வாரத்தில் செய்ய வேண்டியதைச் செய்ய நாள் இருக்கும்.

தொடக்கத்தில் இருபது பேர் போதும். வெளிநோயாளியாகக் கீமோ போட்டுக்கொண்டிருப்பவர்களாக எடுங்கள்.

படி 2: எந்தக் கேள்விகள்

ஆயத்தமாக உள்ளவை சில. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பி.ஆர்.ஓ.–சி.டி.சி.ஏ.இ. தொகுப்பில் 78 தொந்தரவுகளுக்கு 124 கேள்விகள். அத்தனையும் கேட்கத் தேவையில்லை, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். "கடந்த ஏழு நாளில்" என்றுதான் கேட்கும். எட்மன்டன் அளவுகோல் 0 முதல் 10 வரை எண் கேட்கும், வலி தணிப்புப் பிரிவுகளில் அதிகம் புழங்குவது. ஐரோப்பிய அமைப்பான ஈ.ஓ.ஆர்.டி.சி.யின் 30 கேள்வித் தாள் ஆராய்ச்சிக்கு நல்லது, வாராவாரம் கேட்க நீளம். இப்படி உரிமம் உள்ள தாள்களை எடுத்தால் தமிழ் வடிவத்தை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது, மாற்றினால் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் போய்விடும்.

வார்டுக்குள் கண்காணிப்புக்கு மட்டும் என்றால் சொந்தமாக எழுதலாம், டாக்டர் பார்த்துச் சரிசொல்ல வேண்டும். எங்கள் பட்டியல்: காய்ச்சல், வாந்தி, குமட்டல், வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், வாய்ப்புண், சாப்பாடு, வலி, மூச்சு, கை கால் மரப்பு, அசதி, மனசு. கடைசியாக ஒன்று, "வேற ஏதாச்சும் சொல்லணுமா?" அதற்கு மட்டும் குரல் பதிவாகப் பதில் சொல்லலாம். பதிலின் அளவு ஐந்தே: இல்லை, லேசா, நடுத்தரம், அதிகம், ரொம்ப அதிகம். கணக்குக்கு 0 முதல் 4.

படி 3: நம் ஊர்த் தமிழில் கேளுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். "வலி இருக்கிறதா?" என்று கேட்டால், தொண்டையில் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தவர் "வலியெல்லாம் இல்ல" என்பார். விட்டுவிட்டால் போச்சு. "காந்தலு, முழுங்க முடியல" என்று அடுத்த மூச்சில் சொல்வார். எரிச்சல், காந்தல், கடுப்பு, குத்தல், உளைச்சல், சுளீர்னு இழுக்கிறது இவையெல்லாம் தனித்தனிப் பொருட்கள், "வலி" என்ற ஒரு டப்பாவில் அடங்குவதில்லை. அதனால் எங்கள் கேள்வி: "வலி, எரிச்சல், கடுப்பு, குத்தல், இப்படி ஏதாச்சும் படுத்துதா?"

"சோர்வு" என்ற சொல்லுக்கு யாருமே பதில் சொல்வதில்லை. "அசதி" கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் வேலையை வைத்துக் கேட்டால் பளிச்சென்று வரும்: "பகல்ல எம்புட்டு நேரம் படுத்தே கெடக்குறீங்க? குளிக்க, தலை சீவ ஆள் வேணுமா?" மரப்புக்கு: "பித்தான் மாட்ட, காசு எண்ண, பூக் கட்ட கஷ்டமா இருக்கா?" பூக் கட்டுவதைச் சேர்த்தது ஒரு நோயாளியின் மகள். மல்லிகைப் பூக் கட்டிப் பிழைக்கும் வீடுகள் இருக்கும் ஊரில் அதைவிட நல்ல விரல் பரிசோதனை கிடையாது. "மனச்சோர்வு" என்று கேட்காதீர்கள். "மனசு பாரமா இருக்கா? யோசனையா வந்து தூக்கம் கெடுதா?" என்று கேளுங்கள்.

குமட்டலையும் வாந்தியையும் பிரித்துக் கேட்க வேண்டும். பலர் ஓங்கரிப்பையும் வாந்தி என்றே சொல்வார்கள். "எத்தனை தடவை வெளிய வந்துச்சு?" என்று எண்ணிக்கை கேட்டால் குழப்பம் தீரும். வயிற்றுப்போக்குக்கும் அப்படியே. "வயித்தால போச்சா" என்பதோடு நில்லாமல் வழக்கத்தைவிட எத்தனை தடவை கூடுதல் என்று கேளுங்கள்.

எண் அளவுகோல் சில மூத்தவர்களுக்குப் பிடிபடாது. பத்துக்கு எத்தனை என்றால் விழிப்பார்கள். ரூபாய்க் கணக்கில் கேட்டால் அப்பத்தாக்கள் உடனே சொல்வார்கள். மாத்திரை கொடுத்த மறுநாள் "ஒரு ரூவாய்க்கு எம்புட்டு கொறஞ்சிருக்கு?" என்றேன். "நாலணா கொறஞ்சிருக்கு தாயி, பன்னெண்டணா அப்படியேதான் கெடக்கு." டாக்டர் அன்றே மருந்தைக் கூட்டினார்.

எழுதி முடித்ததும் ஐந்து நோயாளிகளிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டி, "இது எதைக் கேக்குதுன்னு நீங்க சொல்லுங்க" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் வேறு எதையோ சொன்னால் மாற்ற வேண்டியது கேள்வியை.

படி 4: எந்த வழியாக

ஆண்ட்ராய்டு போன் உள்ளவருக்கு லிங்க். பட்டன் போன் உள்ளவருக்குத் தானாகப் பேசும் அழைப்பு, "லேசா இருந்தா 1ஐ அழுத்துங்க" என்கிற மாதிரி. நான் சொன்ன 52 மைய ஆய்விலும் இணையம் அல்லது தானியங்கித் தொலைபேசி என்று நோயாளியே தேர்ந்தெடுத்துக்கொண்டார். இரண்டும் ஒத்துவராதவருக்கு நர்ஸே கூப்பிட்டுக் கேட்டுப் பதிய வேண்டும், அல்லது ஊசிக்கு வரும் நாளில் வார்டில் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுக்கலாம்.

போனை எடுக்க வைப்பது தனிக் கலை. தெரியாத எண் என்றால் லோன்காரன் என்று வெட்டிவிடுவார்கள். முதல் நாளே அவர் போனை வாங்கி உங்கள் எண்ணைச் சேமித்துக் கொடுங்கள். எங்கள் எண் பலருடைய போனில் "ஊசி சிஸ்டர்" என்று இருக்கிறது. நேரத்தையும் அவரிடமே கேட்டு வையுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டில் காலையில் யாரும் இருக்கமாட்டார்கள். ராத்திரி சீரியல் நேரத்தில் எடுத்தாலும் பதில் ஒழுங்காக வராது. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று கூப்பிட்டால் "கோவிந்தா" சத்தம்தான் கேட்கும். அந்த வாரம் முன்பின்னாக நகர்த்திவிடுவோம்.

படி 5: முதல் நாள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்

பதினைந்து நிமிடம் போதும், ஆனால் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது வேண்டாம், மயக்கத்தில் எதுவும் மண்டையில் ஏறாது. முதல் தடவை உங்கள் முன்னால் அவர் விரலாலேயே பதில் போட வேண்டும். மகன் வாங்கிப் போட்டுக் கொடுத்தால் பழகாது.

மூன்று விஷயங்களைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, கீமோவுக்குப் பிறகு 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும், அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. இரண்டு, நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். பார்க்காமல் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும். மூன்று, அவசரத்துக்குப் படிவம் கிடையாது. 108 இருக்கிறது, வார்டு எண் இருக்கிறது. வாடிப்பட்டி அக்காவுக்குப் பிறகு, படிவத்தின் முதல் வரியாகவே இதைப் போட்டிருக்கிறோம்: "காய்ச்சல், மூச்சுத் திணறல், நிக்காத ரத்தம் இருந்தா இதை நிரப்பாதீங்க, இப்பவே கூப்பிடுங்க."

ஆக்சாலிபிளாட்டின் போடுபவருக்குக் கூடுதலாக ஒன்று. ஊசிக்குப் பின் சில நாட்களுக்குக் குளிர்ந்தது எதுவும் ஆகாது. வெயிலுக்கு இதமாக விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் தொண்டை அடைத்துவிட்டது என்று அலறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரிட்ஜைத் திறந்து கையை விட்டாலே விரலில் ஊசி குத்தும்.

படி 6: எந்தப் பதிலுக்கு என்ன செய்வது

டாக்டரோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நியூயார்க் ஆய்வில் ஒரு தொந்தரவு 3ஐத் தொட்டாலோ, போன தடவையைவிட 2 புள்ளி கூடினாலோ நர்ஸுக்கு மின்னஞ்சல் போனது. நாங்களும் அதையே வைத்திருக்கிறோம். லேசாக இருந்தவர் திடீரென்று அதிகம் என்றால் அதே நாளில் கூப்பிட வேண்டும்.

சிலவற்றுக்கு எண்ணே பார்க்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி: காய்ச்சல், நடுக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நிற்காத ரத்தம், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, திடீரென்று பேச்சோ நினைவோ தடுமாறுவது. முதுகு வலியோடு கால் வலுவிழந்தாலோ சிறுநீர் போக முடியாமல் ஆனாலோ தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மறுநாள் வரை காத்திருந்தால் நடை திரும்பாமலே போகலாம். இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் கடையில் மாத்திரை வாங்கச் சொல்லாமல் டாக்டரிடம் அன்றே பேசுங்கள், அது குடல் அழற்சியாக இருக்கலாம்.

மற்றவற்றில் பெரும்பாலானவை போனிலேயே தீரும். உசிலம்பட்டி அக்கா ஒருவர் வாந்திக்கு 3 போட்டிருந்தார். கூப்பிட்டேன்.

"அக்கா, வாந்தி மாத்திரை போடுறீங்களா?"

"போடுறேன் சிஸ்டர், வாந்தி எடுத்ததும் போடுவேன்."

"எடுத்ததுக்கப்புறமா?"

"ஆமா, முன்னாடியே போட்டு எதுக்கு வீணாக்கணும்? எண்ணிக் குடுத்தது பத்துதான்."

சீட்டில் "தினம் 2 வேளை, சாப்பாட்டுக்கு முன்" என்று தெளிவாகத்தான் இருந்தது. அவர் சிக்கனம் பார்த்திருக்கிறார். அரைமணி முன்னால் போடச் சொல்லி, தீர்ந்தால் மறுபடி தருவோம் என்று சொன்னேன். அடுத்த வாரம் 1. இந்த மூன்று நிமிடப் பேச்சு நடக்கவில்லையென்றால் அவர் குளுக்கோஸ் ஏற்ற உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்திருப்பார், ஒரு நாள் கூலியும் வண்டிக் காசும் போயிருக்கும்.

கடும் வலிக்கு மார்பின் மருந்து எடுப்பவர் மலச்சிக்கலுக்கு 2 போட்டால்கூடக் கூப்பிடுங்கள். மலமிளக்கி கூடவே போகிறதா என்று பாருங்கள். பலர் மார்பினை நிறுத்திவிட்டு வலியோடு கிடப்பதற்குக் காரணம் இதுதான். நடமாட முடியாதவர் என்றால் தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு சிகிச்சைக்கும் வீட்டுக்கு ஆள் வருவார்கள். அந்தப் பகுதிப் பணியாளரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.

கூப்பிட்டதைப் பதிவுசெய்யுங்கள்: நேரம், என்ன சொன்னீர்கள், அடுத்து எப்போது கேட்பீர்கள்.

படி 7: வீட்டில் மறைத்து வைத்திருக்கும் நோய்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இதைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. நம் பக்கம் பாதி வீடுகளில் நோயாளிக்கே என்ன நோய் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். "கட்டி", "குடல்புண்" என்று சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள். அந்த வீட்டுப் போனுக்கு "புற்றுநோயாளர் வாராந்திரக் கேள்வித்தாள்" என்று தலைப்புப் போட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சொல்லுவதா வேண்டாமா என்பது டாக்டரும் குடும்பமும் நோயாளியும் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். நோயாளிக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதே என் கட்சி. ஆனால் ஒரு குறுஞ்செய்தி அதைப் போட்டு உடைக்கக்கூடாது. எங்கள் தலைப்பு "இந்த வாரம் உடம்பு எப்படி இருக்கு?"

அடுத்தது, வீட்டுக்கு ஒரே போன், அதுவும் மகன் கையில். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கரண்டு வைத்த அம்மா, வெள்ளைப்படுதலையும் சிறுநீர் எரிச்சலையும் மகனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? அந்தக் கேள்விகளைப் படிவத்தில் வைக்காதீர்கள். பெண் நர்ஸ் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கட்டும். யார் பதில் போட்டது என்று ஒரு கட்டமும் வேண்டும்: நானே, வீட்டுக்காரர், மகள், மருமகள். மருமகள் "நடுத்தரம்" என்று போட்ட வலியும் மாமியாரே போடும் வலியும் ஒன்றாக இருக்காது.

சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் நோயாளி பெயரோடு பதிலைப் போடுவது கூடவே கூடாது.

படி 8: டாக்டரின் மேஜைக்குக் கொண்டுபோவது

பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு வாரம் என்று மொத்தமாக நீட்டினால் எந்த டாக்டரும் பார்க்கமாட்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடும் ஓ.பி.யில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. சீட்டின் மேல் ஒரே வரி எழுதுங்கள்: "விரல் மரப்பு 0, 1, 1, 3." அந்த நான்கு எண்களைப் பார்த்தால் டாக்டர் கேள்வியை மாற்றிக் கேட்பார். "எப்படி இருக்கீங்க?" போய், "பித்தான் போட முடியுதாய்யா?" வரும். நோயாளிக்கும் தான் அழுத்திய பொத்தானை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும். அடுத்த வாரமும் அழுத்துவார்.

படி 9: ஒரு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள்

எத்தனை கேள்வி போனது, எத்தனை பதில் வந்தது, அவசரப் பதில்களில் எத்தனைக்கு அன்றே கூப்பிட்டீர்கள். மூன்றாவது எண் மோசமாக இருந்தால் புதுப் பெயர்களைச் சேர்ப்பதை நிறுத்துங்கள். பதில் வராதவர்களின் பட்டியலை எடுத்துக் கூப்பிடுங்கள். ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம், படுத்த படுக்கையாகவும் ஆகியிருக்கலாம். இரண்டு வாரம் சத்தமில்லை என்பதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்தவருக்கு, இனி கேள்வி வராது, இந்த எண்ணில் எப்போதும் கூப்பிடலாம் என்று சொல்லி முடித்துவையுங்கள். இறந்தவரின் எண்ணைத் தகவல் தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஒருமுறை எடுக்க மறந்து, பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்த வீட்டில் "இந்த வாரம் உடம்பு எப்படி இருக்கு?" என்று எங்கள் இயந்திரக் குரல் கேட்டது. அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்க நான் நேரில் போனேன். இப்போது வார்டு இறப்புப் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: "போன் எண் நீக்கியாச்சா?"